இடமிருந்து மூன்றாவது சிப்பாய்

நான் இப்போது இருக்கும் ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவதில்லை. நெதர்லாந்தில் பல ஊர்களில் இப்படித்தான் என்கிறார்கள். பூக்கிடங்கில் வேலை முடிந்து சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது, தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக் கூடங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு திறந்து கிடக்கின்றன. ஒருவர் சூப் குடிக்கிறார். ஒரு அம்மாள் நாயின் காதைத் துடைத்துவிடுகிறாள். எல்லா வீட்டிலும் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. ஆனால் தெருவில் போகிற ஒருவர்கூட உள்ளே பார்ப்பதில்லை. பார்ப்பது மரியாதை இல்லையாம். எங்கள் செஞ்சியில் ஜன்னல் சாத்தியே இருக்கும். இருந்தாலும் நேற்று நம் வீட்டில் என்ன குழம்பு என்பது பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்திருக்கும். பதினொரு வருஷம் ஆகியும் எனக்கு இந்த மரியாதை படியவில்லை. பார்த்துக்கொண்டேதான் வருகிறேன். அப்படிப் பார்த்ததில் ஒன்றைக் கவனித்தேன். எந்த வீட்டு டிவியும் பழைய டிவி மாதிரி சதுரமாக இல்லை. எல்லாம் அகலம். அந்த அகலத்தின் மேல் எனக்கு இப்போது தீராத கோபம். ஏன் என்று சொல்கிறேன். நியாயம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது செஞ்சிக் கோட்டையில் ஒரு சினிமா எடுத்தார்கள். படத்தின் பெயரை எழுத மாட்டேன். அந்தக் கம்பெனிக்கு என் கையால் ஒரு விளம்பரமும் கிடையாது. பாட்டும் கூத்துமான ராஜா கதை. ஒரு கோமாளி, அவன்தான் கதாநாயகன், ராஜாவின் கழுதையைத் திருடிவிடுவான். அதைப் பிடிக்க ராஜ்யமே பாடிக்கொண்டு அவன் பின்னால் ஓடும். அவ்வளவுதான் கதை. சிப்பாய்களுக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் ஜீப்பில், செஞ்சியை ஒட்டிய எங்கள் சிங்கவரத்துக்கு வந்தார்கள். உயரமான ஆளாகப் பார்த்து ஊரில் ஐந்து பேர், காலனியில் நான்கு பேர் என்று பொறுக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். காலனியில் ஏறிய நால்வரில் ஒருவர் எங்கள் அப்பா; எங்கள் வழக்கில் நைனா. அதுவரை நைனாவுக்குத் தெரிந்தது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவதும் வரப்பில் அண்டை வெட்டுவதும்தான். அன்றைக்கு அவர் கையில் வெள்ளித்தாள் ஒட்டிய ஈட்டியும் தலையில் அட்டையில் செய்த தொப்பியும் இருந்தன. கல்யாண மகாலுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்மேடை. அதன் மேல் ஒன்பது சிப்பாய்களும் வரிசையாக நின்று ஆட வேண்டும். கீழே, கழுதையிலிருந்து விழுந்த கதாநாயகன் மண்ணில் புரண்டு பாடுவான். நைனாவின் தொப்பி பெரிது. அது சரிந்து கண்ணை மறைக்கும். அவர் இடது கையால் அதை மேலே தள்ளிவிட்டு, அப்படித் தள்ளினதற்கு வெட்கப்பட்டு, பல் தெரியச் சிரிப்பார். யாரும் சொல்லிக்கொடுத்த சிரிப்பு இல்லை. இடமிருந்து மூன்றாவது ஆள். கண் இமைக்காமல் இருந்தால் பார்த்துவிடலாம்.

எங்கள் செஞ்சிக் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது நடந்ததைச் சொன்னால்தான் பிறகு நான் ஏமாந்தது புரியும். கழுதைப் பாட்டு முடிந்ததும் தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்று "ஒன்ஸ்மோர்" என்று கத்தும். சிங்கவரத்துக்காரன், வல்லத்துக்காரன், கோட்டைக்கு வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லாரும் கத்துவார்கள். ஆபரேட்டர் நம்ம ஊர்க்காரர். ஏழாவது சிப்பாய் அவருடைய மச்சான். அவர் படத்தை நிறுத்தி, ரீலைப் பின்னால் சுற்றி, பாட்டை மறுபடி ஓட்டுவார். ஒரு காட்சி தவறாமல், படம் ஓடிய அத்தனை நாளும் இது நடந்தது. அதனால் அந்தப் படத்தில் கழுதைப் பாட்டு இரண்டு தரம் வரும் என்பதுதான் என் மனதில் பதிந்தது. முதல் தரம் கழுதை தப்பியதற்கு, இரண்டாம் தரம் அது அகப்பட்ட சந்தோஷத்துக்கு என்று நானே காரணமும் வைத்திருந்தேன். திண்டிவனத்தில் கல்லூரி படித்து, கல்யாணம் ஆகி, கடல் தாண்டி வந்த பிறகும் அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

எனக்குப் பதிமூன்று வயதில் நைனா காமாலையில் போய்விட்டார். அவர் முகம் இருக்கும் படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். தொகுப்பு வீட்டுக்கு மனு கொடுக்க எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். போட்டோக்காரர் "ஆடாதய்யா" என்று அதட்டியிருப்பார் போலிருக்கிறது, நைனா அதில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவரைப் போல முறைத்துக்கொண்டிருக்கிறார். மாலை போட்டு மாட்டியிருப்பதும் அதுதான். அவர் குரல் எதிலும் இல்லை. நடக்கிற நைனா, கையைத் தூக்குகிற நைனா, சிரிக்கிற நைனா, இதெல்லாம் உலகத்திலேயே அந்தப் படத்தில், அந்தப் பாட்டில், இரண்டு விநாடிதான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன மாதம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார். "உங்க அப்பா படம் ஆன்லைன்ல வந்திருக்கு. புதுப்பொலிவோட போட்டிருக்கானாம்." அவர் தஞ்சாவூர்ப் பக்கம். சினிமா பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு. நான் தலைக்குக் குளித்து, பொரி வறுத்து, டிவி முன்னால் உட்கார்ந்தேன். சாமி கும்பிடப் போகிற மாதிரிதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், படம் சுமார். கதாநாயகன் ஒவ்வொரு வசனத்துக்கும் கண்ணை உருட்டுகிறான். சிப்பாய்கள் எல்லாரும் முட்டாள்கள். கறுத்த தேகத்தை வைத்து நாலு இடத்தில் நகைச்சுவை. இதற்கா நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம் என்று இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது கழுதைப் பாட்டு.

பாட்டு வந்தது. கழுதை வந்தது. கதாநாயகன் மண்ணில் உருண்டான், மூக்கின் மேல் இருக்கும் வியர்வை தெரிகிற அளவுக்குப் பளிச்சென்று. அவனுக்குப் பின்னால் கல்மேடையில் ஒன்பது உடம்புகள். கால் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, மார்பு இருக்கிறது. கழுத்துக்கு மேலே டிவி முடிந்துவிட்டது. ஒன்பது பேருக்கும் தலை இல்லை. மூன்றாவது உடம்பின் இடது கை மேலே போயிற்று, திரைக்கு வெளியே எதையோ தள்ளியது, கீழே இறங்கியது. அவ்வளவுதான்.

எனக்குப் பொறி கலங்கிவிட்டது. ஆனாலும் என்னைத் தேற்றிக்கொண்டேன். பாட்டுதான் இன்னொரு தரம் வருமே, அதில் முழுசாகத் தெரிவார் என்று பொரித் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கழுதை அகப்பட்டது. ராஜா மன்னித்தார். கல்யாணம் நடந்தது. வணக்கம் போட்டான். நான் எழுந்திருக்கவில்லை. "என்ன பாக்குற? முடிஞ்சிருச்சு" என்றார் வீட்டுக்காரர். பாட்டு இரண்டாவது தரம் வரவில்லையே என்றேன். "எந்தப் படத்துலயாவது ஒரே பாட்டு அப்படியே ரெண்டு தடவை வருமா? தஞ்சாவூர்ல நானும்தான் பாத்தேன். ஒரு தடவைதான்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது பாட்டு படத்தில் இல்லை; எங்கள் கொட்டகையில் இருந்தது. நாற்பத்தைந்து வயதில், கடல் தாண்டி வந்து, ஒரு பொரித் தட்டோடு நான் ஆபரேட்டருக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே, படத்தை ஆன்லைனில் போட்ட கம்பெனிக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து ஒரு தம்பி பேசினார். மரியாதையான பையன்தான்.

"மேம், படம் ஸ்க்ரீன் ஃபுல்லா வருதா?"

"வருது."

"சைடுல ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை எதுவும் தெரியலையே?"

"இல்ல."

"அப்ப சரியாத்தான் மேம் இருக்கு. பழைய படமெல்லாம் சதுரமா இருக்கும். அப்படியே போட்டா ரெண்டு பக்கமும் கறுப்பு தெரியும், கஸ்டமர்ஸுக்குப் பிடிக்கல. அதனால மேலயோ கீழயோ கொஞ்சம் எடுத்துட்டு ஃபுல் ஸ்க்ரீன் பண்ணிருக்காங்க."

"மேல எடுத்ததுல எங்க நைனா தல போயிடுச்சு."

"சாரி மேம், யாரு?"

"இடதுபக்கத்துல இருந்து மூணாவது சிப்பாய்."

"மேம்... ஹீரோ கரெக்டா தெரியறாரா?"

தெரிகிறார், நன்றாகத் தெரிகிறார், மூக்கு வியர்வை வரைக்கும் தெரிகிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பிரச்சினை தீர்க்கப்பட்டதாம், அவர்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பேனாம். ஒரு அறையில் ஒருவன் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியாக, எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று முடிவு செய்திருக்கிறான். கதாநாயகன் கீழே உருள்கிறான், அதனால் மேலே வெட்டு. பின்னால் நிற்பவனுக்குத் தலை எதற்கு? இந்த முடிவை எடுக்க அவனுக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்?

பக்கத்து வீட்டில் ஹெங்க் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபிக்குக் கூப்பிட்டார். படம், அப்பா என்று என் அரைகுறை டச்சில் ஆரம்பித்ததுமே எழுந்து போய் ஒரு பழைய புரொஜெக்டரை எடுத்துவந்து சுவரில் ஓட்டினார். அவருடைய தாத்தா. உறைந்துபோன கால்வாயில் சறுக்கிக்கொண்டு வந்து, விழுந்து, தொப்பியைத் தேடி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். கூடவே பாட்டி, மாமன், ஒரு நாய். பெட்டி நிறைய ரீல் இருக்கிறதாம். மூன்றாவது ரீலில் ஹெங்க் கொட்டாவி விட்டு, "எல்லாம் ஒரே மாதிரிதான், சலிப்பு" என்று நிறுத்திவிட்டார். சிரித்துக்கொண்டிருந்த தாத்தாவைப் பாதியில் நிறுத்தினார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியை அப்படியே விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"என் அப்பாவும் ஒரு படத்தில் இருக்கிறார்" என்றேன்.

"நடிகரா?"

"இல்லை, சிப்பாய்."

அவர் முகம் கனிந்தது. "எந்தப் போர்?"

போர் இல்லை, கழுதை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, "ஓ, ஃபிகுராந்த்" என்றார். கூட்டத்துக்கு நிற்கிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். பிறகு இந்த ஊர்க்காரர்களுக்கே உரிய நேர்மையோடு சொன்னார்: "படம் கம்பெனியுடையது. அவர்கள் வெட்டலாம். அது உங்கள் படம் இல்லையே. யம்மர்." யம்மர் என்றால் பாவம், வருத்தம்தான் என்று அர்த்தம். பஸ் தவறினாலும் இங்கே யம்மர்தான், அப்பாவின் தலை போனாலும் யம்மர்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை. சட்டப்படி சரியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோட்டை எங்கள் ஊருடையது, வெயில் எங்கள் ஊருடையது, நின்ற உடம்பு எங்கள் வீட்டுடையது. படம் மட்டும் எங்களுடையது இல்லை.

அந்த வாரம் முழுக்க வேலைவிட்டு வந்ததும் அந்த இரண்டு விநாடியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். புண்ணை நோண்டுகிற மாதிரி. தலை இல்லாததால் கண்ணுக்குப் போக்கிடம் இல்லாமல் கீழே இறங்கிற்று. முதல் முறையாக நான் கால்களைப் பார்த்தேன். ஒன்பது ஜோடிக் கால்கள். ஐந்து ஜோடியில் வார்வைத்த ராஜகாலத்துச் செருப்பு. அந்த ஐந்து பேரும் தாளத்தோடு ஆடுகிறார்கள். நான்கு ஜோடி வெறுங்கால். அவை தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் மாறி மாறித் துள்ளுகின்றன. மூன்றாவது ஆளின் கால் தரையில் பட்டதும் எழுகிறது, விரல்கள் உள்ளே மடங்குகின்றன, குதிகாலால் ஊன்றிப் பார்க்கிறது, மறுபடி எழுகிறது. நான் சின்ன வயதிலிருந்து கொண்டாடிய நைனாவின் டான்ஸ் அதுதான்.

செஞ்சியில் அங்கன்வாடியில் வேலை செய்யும் என் அக்காவைக் கூப்பிட்டேன். எனக்கு நான்கு வயது மூத்தவள். படப்பிடிப்பு நாளில் கயிற்றுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"அக்கா, நைனா டான்ஸ் ஆடுச்சே..."

"டான்ஸா? உனக்கு யாரும் சொல்லலியா? கல்லு சுட்டுச்சுடி. அக்னி நட்சத்திரம், உச்சி வெயிலு. செருப்பு அஞ்சு ஜோடிதான் வந்துச்சு, ஊர்க்காரங்களுக்குக் குடுத்துட்டானுங்க. நம்மாளுங்க கேட்டதுக்கு, 'உங்களுக்கெல்லாம் வெறுங்கால் பழக்கம்தானேய்யா'ன்னான் அந்த மேனேஜரு. சாயங்காலம் வூட்ல நைனா பாதத்துல விளக்கெண்ண தடவிக்கினு ஒக்காந்திருந்துச்சு. நீ போயி 'டான்ஸ் ஆடு நைனா, டான்ஸ் ஆடு நைனா'ன்னு அது உயிர எடுத்த."

"ஆடுச்சா?"

"ஆடுச்சு."

அந்தக் கால்களை எடிட்டர் பார்த்திருப்பான், டைரக்டர் பார்த்திருப்பான். நன்றாக இருக்கிறது, வேடிக்கையாக இருக்கிறது என்றுதான் வைத்திருப்பார்கள். அதற்குத்தான் கொட்டகையில் விசில் அடித்தார்கள். அதற்குத்தான் நான் ஒன்ஸ்மோர் கத்தினேன். ஆபரேட்டர் சுற்றிச் சுற்றி ஓட்டிய ஒவ்வொரு தரமும் நைனாவை அந்தக் கல்லின் மேல் மறுபடி ஏற்றியிருக்கிறோம். கம்பெனிக்காரன் தலையை வெட்டாமல் இருந்திருந்தால் இது எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது என்பதை நினைத்தால், யார் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. எல்லார் மேலும் படுகிறேன். என்னையும் சேர்த்து.

"தலைய வெட்டிட்டானுங்களா? எவன்டி அவன்?" என்று, நான் டிவியில் பார்த்ததைச் சொன்ன பிறகுதான் அக்கா ஆரம்பித்தாள். அக்காவின் கோபம் என் கோபத்தைப் போல ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்காது. பழைய கேபிள்காரரைத் தேடிப் போய்விட்டாள். முன்பு எங்கள் ஊரில் கேபிளிலேயே படம் போடுவார்கள், கீழே உள்ளூர்க் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வீட்டுப் பரணில் அந்தப் படத்தின் சிடி கிடந்தது. அக்கா அதைப் போட்டு, டிவியைப் போனில் படம்பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினாள். நிறம் வெளுத்து, கோடு கோடாக, ஆனால் சதுரமாக, முழுசாக. நைனா தொப்பியைத் தள்ளினார். சிரித்தார். முன்பல் இரண்டும் தெரிந்தன. நான் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றேன். பிறகுதான் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே நைனா இல்லை. அங்கே ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி. மண்ணில் உருளும் கதாநாயகனையும் அதுவே மூடிவிட்டது. எங்கள் ஊர் கேபிளில் கதாநாயகனே கிடையாது, ஒன்பது சிங்கவரத்துக்காரர்கள்தான். அதற்காக மட்டும் அந்தக் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் தானாகவே அகலமான டிவியில் கம்பெனி படத்தைப் போட்டார். டிவியின் மேல் விளிம்பில் டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தி அதில் அக்கா அனுப்பியதைப் போட்டார். அளவு பொருந்தவில்லை, தலை சின்னது, உடம்பு பெரிது. நேரமும் பொருந்தவில்லை. ஆறேழு தரம் முயன்று பார்த்தார். தஞ்சாவூர்க்காரர் வாயால் "ஒன்ஸ்மோர்" என்று கேட்டது அன்றைக்குத்தான். கடைசியில் அரை விநாடி முன்பின்னாக நைனா நின்றார். மேலே செஞ்சியிலிருந்து வந்த முகம் வெட்கப்பட்டுச் சிரித்தது. கீழே ஐரோப்பாவில் ஓடும் கால்கள் சுடுகல்லில் துள்ளின. நான் வீடியோ கால் போட்டு அக்காவுக்குக் காட்டினேன்.

இவ்வளவு வருஷமாக அக்காவிடம் என் வேலையைப் பற்றி "பூ கட்டுற வேலை" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். "பூவோட இருக்கிற வேலை, குடுத்து வச்சவடி நீ" என்பாள். குளிர்ந்த கிடங்கில், தண்ணீர் தேங்கிய சிமெண்ட் தரையில், எட்டு மணிநேரம் நின்று கட்ட வேண்டும் என்பதையோ, ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்த எங்களுக்கு ரப்பர் பூட்ஸ் அடுத்த மாதம் வரும் என்று மூன்று மாதமாகச் சொல்கிறார்கள் என்பதையோ சொன்னதில்லை. கால் இரண்டும் வீங்கி, சாக்ஸைக் கழற்றினால் தோல் ஊறி வெளுத்திருக்கும். வீடியோ காலில் அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"நைனாவ பாத்தது போதும். உன்ன காட்டு" என்றாள் அக்கா. நான் போனைத் திருப்பி, முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துச் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "மூஞ்ச பாத்துட்டேன்" என்றாள். "கால காட்டுடி."

போன் என் கையில் முகத்துக்கு நேராகவே இருந்தது. அதன் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், பல் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.